முளைக்குச்சியும் மறைத்த காகிதமும்: ‘ஹூட்’ பிறந்த கதை

ஃப்ளோரிடாவின் தென்கிழக்குக் கரையில் ஃபோர்ட் லாடர்டேல் நகரம். அதற்கு மேற்கே, சதுப்பு வெளி தொடங்கும் பக்கத்தில் பிளான்டேஷன் என்று ஓர் ஊர். அந்த ஊர் நகராட்சியானது 1953 ஏப்ரலில். அங்கே வளர்ந்த கார்ல் ஹையாசன் பிறந்தது அதே ஆண்டு மார்ச்சில். ஊருக்கும் பிள்ளைக்கும் ஒரே வயது. ஊர் வளர வளர, பிள்ளை விளையாடிய இடம் சுருங்கிக்கொண்டே வந்தது.

அந்த ஊர் இருக்கும் ப்ரோவர்ட் மாவட்டத்தில் 1950இல் சுமார் 84,000 பேர்தான் வசித்தார்கள். 1960இல் அது 3,34,000 ஆனது, 1970இல் 6,20,000. இருபதே ஆண்டில் ஏழு மடங்குக்கு மேல். வந்து குவிந்தவர்களுக்கு வீடு வேண்டும், கடை வேண்டும், சாலை வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும். எல்லாமே மாடு மேய்ந்த புல்வெளியிலும் நீர் வடித்த சதுப்பிலும்தான் எழுந்தன. மாவட்டத்தின் பெயரே அதற்கு அடையாளம். நெப்போலியன் போனபார்ட் ப்ரோவர்ட் என்பவர் 1905இல் ஃப்ளோரிடாவின் ஆளுநரானார். எவர்கிளேட்ஸ் என்னும் மாபெரும் சதுப்பு வெளியின் நீரை வடித்து விளைநிலமாக்குவேன் என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தவர் அவர்.

வக்கீல் வீட்டுப் பிள்ளையான ஹையாசனும் அவன் கூட்டாளிகளும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சற்று நேரத்தில் காட்டுவெளிக்கு வந்துவிடுவார்கள். பாம்பு பிடிப்பார்கள், மீன் பிடிப்பார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்த வெற்று மேய்ச்சல் நிலத்தில் ஒரு வகை ஆந்தைகள் மண்ணில் வளை தோண்டிக் குடியிருந்தன. பட்டப்பகலில் வளை வாசலில் நின்று ஆளைப் பார்க்கும் ஆந்தை. எந்த வளை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு அத்துப்படி. ஒரு நாள் அந்த நிலத்திலும் புல்டோசர் வந்து நின்றது.

பின்னாளில் ஹையாசன் பல பேட்டிகளில் சொன்ன கதை இது. பெரியவர்களிடம் போய்ச் சொல்லத் தெரியவில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை. கைக்கு எட்டியதைச் செய்தார்கள். நில அளவைக்காரர்கள் அடித்துவைத்திருந்த முளைக்குச்சிகளைப் பிடுங்கி எறிந்தார்கள்.

கட்டுமான வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் குச்சியின் அருமை தெரியும். இரண்டு விரல் அகலத்தில் ஒரு மரச்சட்டம், தலையில் ஒரு வண்ண நாடா, பக்கவாட்டில் மையால் எழுதிய எண். பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் சாலை எங்கே திரும்ப வேண்டும், அஸ்திவாரம் எங்கே இறங்க வேண்டும், கழிவுநீர்க் குழாய் எந்த ஆழத்தில் போக வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குச்சிகளை நம்பித்தான் இருக்கிறது. குச்சி இல்லாத நிலத்தில் புல்டோசர் ஓட்டுபவர் எங்கே தொடங்குவார்? அளவைக்காரர் மறுபடி கருவியோடு வர வேண்டும், மறுபடி அளக்க வேண்டும், மறுபடி அடிக்க வேண்டும். சில நாள் வேலை தள்ளிப்போகும். வெறுங்கையோடு போன பிள்ளைகள் செய்யக்கூடியதில் அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சில நாள்தான். அதற்குப் பிறகு புல்டோசர் வந்தது, வளைகள் மூடப்பட்டன, ஆந்தைகள் போயின. 2002இல் வெளிவந்து, அமெரிக்கச் சிறார் இலக்கியத்தில் தனக்கென்று ஓர் இடம் பிடித்த ‘ஹூட்’ நாவலின் விதை அந்தத் தோல்விதான். அங்கே முளைக்குச்சி பிடுங்கிய பையன், நாவலில் முளைக்குச்சி பிடுங்கும் பையனைப் படைத்தான் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. நிஜத்தில் தோற்றது நாவலில் எப்படி ஜெயித்தது என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. அந்த மீதி உருவாக முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அது ஒரு காகிதத்தின் கதை.

அந்தப் பிள்ளைகள் குச்சி பிடுங்கிய காலத்தில், இந்த நிலத்தில் கட்டினால் இங்கே வாழும் உயிர்களுக்கு என்ன ஆகும் என்று எழுதித் தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அமெரிக்காவில் நடுவணரசு கைவைக்கும் பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டும் என்ற சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டது 1970 ஜனவரி 1 அன்று. வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் 1918இலிருந்தே இருந்தது, ஆனால் ஆந்தைகள் அதன் பட்டியலுக்குள் வந்தது 1972இல், மெக்சிகோவோடு செய்த ஒப்பந்தத்தைத் திருத்தியபோதுதான். பிளான்டேஷனில் புல்டோசர் ஏறிய நாளில் அந்த நாட்டுச் சட்டப்புத்தகத்தில் அந்த ஆந்தைகளுக்கென்று ஒரு வரி இல்லை.

காகிதம் என்ன செய்யும் என்பதை ஹையாசன் பதினாறு வயதில் பக்கத்திலேயே பார்க்கும்படி ஆனது. மியாமிக்கு மேற்கே, எவர்கிளேட்ஸை ஒட்டிய பிக் சைப்ரஸ் சதுப்பில் உலகின் மிகப் பெரிய விமான நிலையத்தைக் கட்டப்போவதாக 1968இல் வேலை தொடங்கியிருந்தார்கள். எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த எழுத்தாளர் மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் 1969இல் எவர்கிளேட்ஸின் நண்பர்கள் என்ற அமைப்பைத் தொடங்கி ஊர் ஊராகப் பேசினார். அதே ஆண்டு நீரியல் அறிஞர் லூனா லியோபோல்ட் தலைமையில் ஓர் அறிக்கை தயாரானது. விமான நிலையம் வந்தால் தென் ஃப்ளோரிடாவின் இயற்கைச் சமநிலையே அழியும் என்று அது ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளுக்கெல்லாம் முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். ஒரே ஓர் ஓடுபாதையோடு திட்டம் நின்றுபோனது. குச்சி பிடுங்கினால் சில நாள். சரியான காகிதம் சரியான ஆள் கையில் சேர்ந்தால் ஒரு விமான நிலையமே நிற்கும்.

ஹையாசன் காகிதம் தேடும் தொழிலுக்கே போனார். ஆறு வயதில் அப்பா வாங்கித் தந்த தட்டச்சுப் பொறியில் தெருச் செய்தி அடித்துப் பழகியவர். 1974இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் இதழியல் முடித்தார், 1976இல் மியாமி ஹெரால்ட் நாளிதழில் சேர்ந்தார், அதன் புலனாய்வுக் குழுவில் வேலை பார்த்தார். கீ லார்கோ தீவின் வடபகுதிக் காட்டில் எழவிருந்த ஒரு பெரிய குடியிருப்புத் திட்டத்தைத் தோண்டி எழுதியவர்களில் அவரும் ஒருவர். அந்தத் திட்டம் பாதியில் படுத்தது. இன்று அந்த இடம் மாநிலப் பூங்கா. கட்டத் தொடங்கி விட்டுப்போன வளைவு மட்டும் வாசலில் நிற்கிறது. 1985இலிருந்து பத்தி எழுதினார், 2021 வரை விடாமல் எழுதினார். நிலத்தரகர், ஒப்பந்தக்காரர், நகரமன்றத்தில் கை தூக்குகிறவர் என்று அவர் பேனாவுக்குத் தப்பியவர் குறைவு. எந்தக் கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கும், அது எப்போது காணாமல் போகும், யாருக்காகக் காணாமல் போகும் என்பதை அத்தனை ஆண்டுத் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

கூடவே பெரியவர்களுக்கான நாவல்களும் எழுதினார். 1986இல் வந்த ‘டூரிஸ்ட் சீசன்’ அவர் தனியாக எழுதிய முதல் நாவல். அடுத்த ஆண்டு ‘டபுள் வாமி’யில் ஸ்கிங்க் என்ற பாத்திரம் வந்தது. ஃப்ளோரிடாவின் ஆளுநராக இருந்து, ஊழல் பொறுக்காமல் பதவியை உதறிவிட்டுச் சதுப்புக்குள் மறைந்துபோய், சாலையில் அடிபட்டுச் செத்த விலங்குகளைத் தின்று வாழும் மனிதர். இயற்கையை அழிப்பவர்களைத் தன் கையாலேயே தண்டிப்பவர். அந்த நாவல்களில் கோபம் கொப்பளிக்கும். கெட்ட வார்த்தையும் ரத்தமும் படுக்கையறையும் சேர்ந்தே வரும்.

அங்கேதான் ஒரு குடும்பச் சிக்கல் எழுந்தது. இத்தனை புத்தகம் எழுதிய மனிதரிடம், தன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்க ஒன்றுகூட இல்லை. அவர் மனைவியின் முதல் மணத்து மகனும், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளும் கதை படிக்கும் வயதில் இருந்தார்கள். அவர்கள் கையில் தைரியமாகக் கொடுக்க ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்ற எண்ணமே தன்னைச் சிறார் நாவலுக்குக் கொண்டுவந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு எழுத உட்கார்ந்ததும், அந்த வயதில் தனக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. புல்வெளி, வளை, ஆந்தை, முளைக்குச்சி.

நாவலில் அந்த ஊருக்குக் கோகனட் கோவ் என்று பெயர். மதர் பாலா என்ற பேன்கேக் கடை நிறுவனம் அங்கே ஒரு மூலை மனையில் கிளை கட்டப்போகிறது. அந்த மனையில் ஆந்தை வளைகள் இருக்கின்றன. இரவில் யாரோ முளைக்குச்சிகளைப் பிடுங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை, தொழிலாளர்களுக்கு வைத்த நடமாடும் கழிப்பறைத் தொட்டிகளில் குட்டி முதலைகள் கிடக்கின்றன. காவலுக்கு வந்த போலீஸ்காரர் டெலின்கோ காரிலேயே தூங்கிப்போக, விழித்துப் பார்த்தால் கண்ணாடியெல்லாம் கறுப்புச் சாயம். அப்புறம் காவல்நாய்களை மிரட்ட நச்சுப்பாம்புகள் வருகின்றன. வால் நுனியில் மினுமினுப்பு, வாயில் ஒட்டுநாடா. இதையெல்லாம் செய்வது ஒரு பையன். யாரையும் கடித்துவிடக் கூடாது என்று வாயை ஒட்டிவிட்டுத்தான் அவன் பாம்பை விடுகிறான். பெரியவர்கள் நாவலின் ஸ்கிங்க்கும் இந்தப் பையனும் ஒரே மரத்துக் கிளைகள், ஆனால் ஸ்கிங்க் ஒட்டுநாடாவைப் பற்றி யோசித்திருக்க மாட்டார். சிறார் நாவலுக்கு ஹையாசன் வகுத்துக்கொண்ட எல்லை அந்த ஒட்டுநாடாவில் இருக்கிறது.

பையனுக்கு நாவலின் கடைசிவரை பெயர் இல்லை. மடவை மீனை வெறுங்கையால் பிடிப்பதால் மல்லெட் ஃபிங்கர்ஸ் என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் அம்மாவுக்கு வேண்டாத பிள்ளை. பள்ளி இல்லை, காலில் செருப்பு இல்லை, காட்டில் படுக்கை. கடைசியில் அவன் பெயர் நெப்போலியன் என்று தெரியவரும்போது, சதுப்பை வடித்த அந்த ஆளுநர்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். ஒரு நெப்போலியன் நீரை வடித்தார்; இன்னொரு நெப்போலியன் அந்த மண்ணில் வளை தோண்டிய ஆந்தைக்குக் காவல் நிற்கிறான்.

ஆனால் கதையை அவன் கண்ணால் நாம் பார்ப்பதில்லை. பார்ப்பது ராய் எபர்ஹார்ட் கண்ணால். ராய் மொன்டானாவிலிருந்து புதிதாக வந்தவன். மலையும் பனியும் பார்த்து வளர்ந்தவனுக்கு ஃப்ளோரிடா தட்டையாக, வெக்கையாக இருக்கிறது. பள்ளிப் பேருந்தில் டேனா என்ற தடியன் அவன் முகத்தைச் சன்னலில் வைத்து அழுத்தும்போதுதான், வெளியே செருப்பில்லாமல் ஓடும் அந்தப் பையன் கண்ணில் படுகிறான். ஹையாசன் மண்ணின் மைந்தர். தன்னை அப்படியே நாயகனாக்கி எழுதியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஊருக்குப் புதியவனைக் கதைக்குள் அழைத்துவந்ததுதான் அவர் எடுத்த முடிவுகளிலேயே நல்ல முடிவு என்பேன். 1950இல் சுமார் 28 லட்சம் பேர் இருந்த ஃப்ளோரிடாவில் 2000இல் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர். படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேறெங்கிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளைகள். அந்த மண்ணின் மேல் அவர்களுக்குப் பாத்தியதை எப்படி வரும்? ராய்க்கு ஆந்தை வழியாக வருகிறது. அதுவரை எப்போது மலைக்குத் திரும்பலாம் என்று ஏங்கிக்கொண்டிருந்தவன், வளை வாசலில் நிற்கும் ஒரு பறவையைப் பார்த்த பிறகு அந்த ஊர்க்காரன் ஆகிறான்.

ராய்க்குக் குச்சி பிடுங்குவதில் மனம் ஒப்பவில்லை. செய்வது சட்டவிரோதம் என்று அவனுக்குத் தெரியும். அப்பா நீதித் துறையில் வேலை பார்ப்பவர். அதே சமயம், ஆந்தைகளை உயிரோடு புதைப்பது சரியில்லை என்பதும் தெரியும். சட்டம் ஒரு பக்கம், நியாயம் இன்னொரு பக்கம் என்று அவன் பெற்றோரிடம் கேட்கும் இடங்கள்தான் நாவலின் கனமான பகுதி. பெரியவர்கள் அவனை அடக்குவதும் இல்லை, உசுப்புவதும் இல்லை. யோசித்துப் பதில் சொல்கிறார்கள். சிறார் நாவல்களில் பெற்றோரை முட்டாளாகக் காட்டுவது ஒரு வழக்கம். இங்கே அது இல்லை. மல்லெட் ஃபிங்கர்ஸுக்கு அக்கா முறையான பியாட்ரிஸ் இன்னொரு பக்கம் இழுக்கிறாள். கால்பந்து ஆடும், யாருக்கும் அஞ்சாத பெண். தம்பிக்காக எதையும் செய்வாள்.

ராய் போகும் வழி வேறு. தன் அம்மாவின் கேமராவை மல்லெட் ஃபிங்கர்ஸிடம் கொடுத்து ஆந்தையைப் படமெடுக்கச் சொல்கிறான். சான்று வேண்டுமே. படம் தெளிவில்லாமல் போகிறது. அப்பா கட்டட அலுவலகத்துக்குப் போய் அந்த மனையின் கோப்பைக் கேட்கிறார். அதிலிருக்க வேண்டிய சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை அங்கே இல்லை. அந்த மனையில் ஆந்தைகள் இருக்கின்றன என்று அந்த அறிக்கை சொல்லியிருந்தது. அதனாலேயே அது மறைந்தது. பிளான்டேஷனில் குச்சி பிடுங்கிய சிறுவனுக்கு அப்படியொரு காகிதம் இருக்கக்கூடும் என்றே தெரியாது. ஹெரால்டில் கோப்பு தேடிய நிருபருக்கு நன்றாகத் தெரியும். மல்லெட் ஃபிங்கர்ஸ் ஹையாசனின் பத்து வயது. அந்தக் கோப்பு அவருடைய நாற்பது வயது. இரண்டும் ஒரே கதையில் சந்தித்தபோதுதான் நாவல் பிறந்தது.

இனி அந்த ஆந்தை. வளையாந்தை என்று தமிழில் சொல்லலாம். ஒரு சொம்பு உயரம்தான் இருக்கும், ஒன்பது அங்குலம். உடம்புக்குப் பொருந்தாத நீளமான கால்கள். மற்ற ஆந்தைகளைப் போல் மரப்பொந்தில் பகலெல்லாம் ஒடுங்கியிராமல், வெட்டவெளியில் வளை வாசலிலேயே நிற்கும். ஆள் கிட்டே போனால் முழங்காலை மடக்கி மடக்கி எழும். ஆபத்து வந்தால் வளைக்குள் இருக்கும் குஞ்சுகள் சீறும். அது கிலுகிலுப்பைப் பாம்பின் ஓசையைப் போலவே இருக்கும். மேற்கு அமெரிக்காவில் இந்த இனம் பெரும்பாலும் பிற விலங்குகள் தோண்டிவிட்டுப்போன வளையில் குடியேறும். ஃப்ளோரிடாவில் இருப்பவை தாமே தோண்டக்கூடியவை. வளை வாசலில் மாட்டுச்சாணத்தைக் கொண்டுவந்து பரப்பிவைக்கும். எதற்கு? 2004இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சாணம் வைத்த வளையின் ஆந்தை, வைக்காத வளையின் ஆந்தையைவிடப் பத்து மடங்கு சாணவண்டுகளைத் தின்றது. சாணம் அதற்குத் தூண்டில் இரை. நம் ஊர்ப் பழைய கட்டடங்களிலும் புளியமரங்களிலும் இருக்கும் புள்ளி ஆந்தையும் இதுவும் ஒரே பேரினம். அலறினால் ஆகாது என்று நாம் கல்லெறிந்து துரத்துகிறோமே, அந்த ஆந்தையின் பங்காளிதான் இது.

சிறுத்தையையோ கடற்பசுவையோ எடுக்காமல் ஹையாசன் இந்தச் சின்னப் பறவையை எடுத்ததற்கு அவர் பார்த்து வளர்ந்தார் என்பது ஒரு காரணம். கதைக்கும் இதைவிடப் பொருத்தமான உயிர் கிடைக்காது. தரைக்கு மேலே வாழும் பறவைக்கு மரத்தை வெட்டினாலும் பறக்க ஒரு கணம் கிடைக்கும். இதன் வீடு மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணைச் சமன்படுத்துவதும் இதைக் கொல்வதும் ஒரே செயல். தவிர, பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு அருகே நிற்கும் பறவை இது. நடந்துபோகும் பெரியவர் கண்ணில் படாது. மண்டியிட்டு விளையாடும் பிள்ளைக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஆந்தையின் பழைய இருப்பிடம் நடு ஃப்ளோரிடாவின் வறண்ட புல்வெளிகள். அந்த வெளிகள் சுருங்கியபோது, தெற்கில் சதுப்பை வடித்துக் காட்டை வெட்டி மனிதன் உண்டாக்கிய வெற்று நிலங்களுக்கு அது நகர்ந்து வந்தது. விமானதளத்துப் புல்லில், கால்ஃப் மைதானத்தில், விற்காத வீட்டுமனையில் வளை தோண்டியது. அப்படியானால் மனை விற்கிறவன்தான் அதற்கு இடம் கொடுத்தான்; வீடு கட்ட வரும்போது அவனே அதைப் புதைக்கிறான். ‘காட்டுயிர்’ என்றால் எங்கோ அடர்ந்த காட்டில் இருப்பது என்ற எண்ணத்தோடு ‘ஹூட்’டைப் படிக்கிறவர்களுக்கு இது புரியாது. கதை நடப்பது ஒரு தெருமுனை மனையில். காக்கப்பட வேண்டியதும் அந்தத் தெருமுனைதான்.

கடைசிக் காட்சியில் அடிக்கல் நாட்டும் விழா. நிறுவனத்தின் பெரிய மனிதர் வருகிறார், மதர் பாலா வேடம் போடும் நடிகை வருகிறார். ராய் வகுப்பில் எழுந்து பேசியதைக் கேட்ட மாணவர்கள் திரண்டு வருகிறார்கள். மல்லெட் ஃபிங்கர்ஸ் ஆந்தை வளைக்குள் இறங்கித் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறான். அவனைப் புதைக்காமல் ஆந்தையைப் புதைக்க முடியாது. பிள்ளைகள் கைகோத்துப் பாடுகிறார்கள். நடிகை பிள்ளைகள் பக்கம் சேர்ந்துவிடுகிறார். ஓர் ஆந்தை பறந்துவந்து அவன் தலையில் அமர்கிறது. மறைந்த அறிக்கை, உள்ளூர் நகரமன்ற உறுப்பினர் ஒருவரிடமிருந்து பிற்பாடு அகப்படுகிறது. நிறுவனம் பின்வாங்குகிறது, மனை ஆந்தைகளுக்கே விடப்படுகிறது.

இந்த முடிவு எனக்குச் சற்று அதிகமாகவே இனிக்கிறது. நடிகையின் மனமாற்றமும் தலையில் அமரும் ஆந்தையும் கைவந்த கதாசிரியனின் வித்தை. நிஜ மனைகளில் இப்படி நடப்பது அரிது என்று ஏறத்தாழ முப்பது ஆண்டு செய்தி எழுதியவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே கொடுத்தார். நிஜத்தில் தன் ஆந்தைகளை இழந்தவர், காகிதத்திலாவது அவற்றை மீட்டுக்கொண்டார்; அதை நான் குறை சொல்லமாட்டேன்.

புத்தகம் பிள்ளைகளிடம் பிய்த்துக்கொண்டு போனது. 2003இல் நியூபெரி மதிப்புவிருது கிடைத்தது. அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில் வகுப்பில் வைத்துப் படிக்கும் நூலாயிற்று. 2006இல் படமாகவும் வந்தது; பாடகர் ஜிம்மி பஃபெட் தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்து, இசையும் தந்து, ஆசிரியர் வேடத்திலும் நடித்தார். பியாட்ரிஸாக நடித்தவர் ப்ரீ லார்சன். படம் ஓடவில்லை. புத்தகத்தை அது பாதிக்கவும் இல்லை.

ஆந்தைகளுக்கு என்ன ஆயிற்று? ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் கேப் கோரல் என்று ஒரு நகரம். 1957இல் இரு சகோதரர்கள் நிலத்தை வாங்கி, கால்வாய் வெட்டி, மனை போட்டு விற்ற ஊர். வாங்கியவர்கள் பலர் வடக்கே இருந்தபடியே பணம் கட்டி, பல்லாண்டு வீடு கட்டாமல் விட்டார்கள். அந்த வெற்று மனைகளில் வளையாந்தைகள் குடியேறின. அந்த மாநிலத்திலேயே அவை மிகுதியாக இருப்பது இன்று அங்கேதான். ஆண்டுதோறும் ஆந்தைத் திருவிழா நடத்துகிறார்கள். வளையைச் சுற்றி நான்கு முளை அடித்துக் கயிறு கட்டி, பக்கத்தில் ஆந்தை உட்கார ஒரு குறுக்குக் கட்டையும் நட்டுவிடுகிறார்கள் தன்னார்வலர்கள். புல் வெட்டும் வண்டிக்காரருக்கு அது எச்சரிக்கை. மனைகளில் வீடு எழ எழ, அங்கேயும் இடம் குறைந்து வருகிறது.

2017 ஜனவரியில் ஃப்ளோரிடா அரசு இந்த ஆந்தையை அச்சுறுத்தலில் உள்ள இனமாக அறிவித்தது. அதனால் வளை மூடுவது நின்றுவிடவில்லை. முட்டையோ பறக்காத குஞ்சோ இல்லாத காலத்தில், அரசின் அனுமதி வாங்கி, ஈடுகட்ட வேண்டியதைக் கட்டி, மூடலாம். அனுமதி வாங்கினார்களா என்று கேட்க ஆள் வேண்டும். கேட்பதற்கு, வளை அங்கே இருந்தது என்று தெரிந்த ஆள் வேண்டும்.

ஹையாசன் அடுத்த சிறார் நாவலான ‘ஃப்ளஷ்’ஷை 2005இல் எழுதியபோது, குச்சி பிடுங்குவதைவிடச் சான்று வலியது என்ற யோசனையை இன்னும் தெளிவாக்கிவிட்டார் என்று நினைக்கிறேன். ஃப்ளோரிடா கீஸ் தீவுகளில் ஒரு சூதாட்டப் படகு, கழிப்பறைக் கழிவை இரவில் கடலில் கொட்டுகிறது. கோபம் தாங்காத ஓர் அப்பா அந்தப் படகை மூழ்கடித்துவிட்டு ஜெயிலுக்குப் போகிறார். படகு சில நாளில் மிதக்கத் தொடங்கி மறுபடி தொழிலுக்கு வந்துவிடுகிறது. குச்சி பிடுங்கிய கதைதான் அது, இந்த முறை பெரியவர் ஒருவர் செய்கிறார். மகன் நோவாவும் மகள் ஆபியும் வேறு வழி பார்க்கிறார்கள். உணவில் கலக்கும் அடர்ந்த ரோஜா நிறச் சாயத்தை வாங்கி, படகின் கழிப்பறைகளில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். அடுத்த நாள் கடலில் ரோஜா நிறக் கோடு ஒன்று நேராகப் படகிலிருந்து தொடங்கி ஓடுகிறது. கடலோரக் காவல்படைக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.